தினமும் ஓட்டும் சைக்கிளில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

நகரத்தில் தினமும் ஓடுகிற சைக்கிளில் வரும் கோளாறுகள் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பன்னிரண்டுதான். தெரிந்தவர்கள் கொண்டுவந்து நிறுத்துகிற வண்டிகளைப் பல வருஷமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சாமான் எதுவும் தேவைப்படுவதில்லை. காற்று குறைந்திருக்கும், நட்டு தளர்ந்திருக்கும், கேபிள் தொய்ந்திருக்கும், இல்லாவிட்டால் அழுக்கு ஏறியிருக்கும். இந்த நான்கையும் பார்த்து முடிக்கும்வரை பணத்தை வெளியே எடுக்க வேண்டாம்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே எளிய காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். உங்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். கீழே உள்ள மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால்கூட வண்டியில் ஏறாதீர்கள், உருட்டிக்கொண்டு போங்கள்:

- பிரேக் லீவரை முழுக்க அழுத்தினால் ஹேண்டில்பாரில் போய் இடிக்கிறது.
- முன்சக்கரம் நேராக நிற்க, ஹேண்டில்பார் மட்டும் தனியாகத் திரும்புகிறது.
- ஃபிரேமிலோ முன் ஃபோர்க்கிலோ விரிசல் தெரிகிறது.

வீட்டில் இருக்க வேண்டிய கருவிகள் கொஞ்சம்தான்: அளவுமானி உள்ள பம்ப், இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் சாமான், 15 மி.மீ. ஸ்பானர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீகள், பழைய துணி. இங்கே சொல்லப்போகும் சோதனைகளில் பாதிக்கு இதுகூட வேண்டாம், இரண்டு கை போதும்.

## டயரில் காற்று நிற்கவில்லை

வண்டியை மூலையில் போட வைக்கிற முதல் கோளாறு இதுதான். ஒரே வாரத்தில் இரண்டு முறை பஞ்சர் ஆனால் டயரைக் குறை சொல்லத் தோன்றும். முதலில் காற்று எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

### ராத்திரி அடித்த காற்று காலையில் பாதியாகிவிடுகிறது

டியூபைக் கழற்ற அவசரம் வேண்டாம். விரலில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வால்வின் நுனியில் வையுங்கள். குமிழ் வந்தால் கசிவு அங்கேதான். பழைய வகை வால்வாக இருந்தால் உள்ளே ஊசியைச் சுற்றியிருக்கும் சின்ன ரப்பர்க் குழாய், அதாவது வால்வு டியூப், வெடித்திருக்கும் அல்லது சுருங்கியிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். கார் டயரில் இருப்பது போன்ற வால்வு என்றால் உள்ளிருக்கும் ஊசியை அதற்கான சாவியால் சற்று இறுக்குங்கள். மெல்லிய நீள வால்வில், காற்று அடித்தபின் மேல்நுனித் திருகைத் திரும்ப மூட மறந்திருப்பார்கள்.

வால்வு சரியாக இருந்தால் டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டையாகத்தான் இருக்கும்.

ஓட்டையே இல்லாத டியூபிலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத்தான் செய்யும், ரப்பரின் குணம் அது. பத்து நாளுக்கு ஒரு முறையாவது அடிக்க வேண்டும். அதைக் கோளாறாக எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

### ஒட்டிய இரண்டு நாளில் மறுபடி பஞ்சர்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓட்டை டியூபில் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆகவே டியூபை உருவும்போது எந்தப் பக்கம் எந்தப் பக்கமாக இருந்தது என்று தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வால்வு இருந்த இடத்தில் டயரின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் போதும். ஓட்டை கிடைத்ததும், டியூபை டயரின்மேல் அதே வாக்கில் வைத்து, டயரில் எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

சாலையைத் தொடும் பக்கத்தில் ஒரே ஓட்டை: குத்திய பொருள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. முள், கண்ணாடிச் சில் என்றால் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் ஏமாற்றுவது மெல்லிய கம்பித்துண்டு. பெரிய வண்டிகளின் டயர் கிழியும்போது அதிலிருக்கும் எஃகு இழைகள் உதிர்ந்து சாலையோரத்தில் கிடக்கும். முடி கனம்தான் இருக்கும். டயர் ரப்பருக்குள் முழுசாகப் புதைந்து, வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. உள்பக்கம் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்து எடை விழும்போது மட்டும் டியூபைத் தொடும். இதைக் கண்டுபிடிக்க டயரின் உள்புறம் முழுக்கப் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே வாருங்கள், இழை எங்கே சிக்குகிறதோ அங்கே இருக்கிறது. வெறும் விரலை வேகமாக ஓட்டினால் கண்ணாடி கிழித்துவிடும். சிக்கிய இடத்தில் டயரை வெளிப்புறமாக மடித்தால் கம்பியின் நுனி மேலே வரும், சின்ன இடுக்கியால் பிடித்து இழுங்கள். இதை எடுக்காமல் எத்தனை டியூப் மாற்றினாலும் பஞ்சர் வந்துகொண்டேதான் இருக்கும்.

அருகருகே இரண்டு ஓட்டைகள்: பாம்பு கடித்த மாதிரி ஜோடியாக இருந்தால் எதுவும் குத்தவில்லை. காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்திலோ கல்விளிம்பிலோ ஏறியதில், டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் எவ்வளவு காற்று என்று அச்சடித்திருப்பார்கள், அந்த எல்லைக்குள் அடியுங்கள். 37 மி.மீ. அகலமுள்ள சாதாரண நகர டயருக்கு 50 முதல் 70 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். பின்கேரியரில் சுமை ஏற்றுகிறவர்கள் பின்டயருக்குக் கொஞ்சம் கூடுதலாக அடிக்கலாம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அளவுமானிதான் சரி.

ரிம்மைத் தொடும் பக்கத்தில் ஓட்டை: ரிம்முக்கு உள்ளே ஸ்போக் தலைகளை மூடும் நாடா விலகியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு ஸ்போக் நீட்டிக்கொண்டிருக்கிறது. நாடாவைச் சரிசெய்யுங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள். நீட்டிய கம்பியை அரத்தால் ராவிவிடுங்கள்.

வால்வின் அடியில் கிழிசல்: இதை ஒட்ட முடியாது, புது டியூப்தான். காற்று குறைவாக ஓட்டியதில் டயர் ரிம்மின்மேல் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கலாம், அல்லது பம்ப் அடிக்கும்போது வால்வை வளைத்திருக்கலாம். வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே காற்றை இறக்கி நேர்செய்யுங்கள், கிழியும்வரை போகாது.

### ஒட்டின ஒட்டே பிரிந்து வருகிறது

உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கவில்லை, அல்லது சொலுஷன் காய்வதற்குள் ஒட்டிவிட்டார்கள். டியூபின் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பேட்ச்சைவிட அகலமாகச் சொலுஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு ஐந்து நிமிடம் காயவிட்டு, அப்புறம் பேட்ச்சை வைத்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் பிடிக்காது.

டயரையே மாற்ற வேண்டியது எப்போது? ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் தெரிந்தால், பக்கச் சுவரில் கிழிசல் இருந்தால், ஏதாவது ஓர் இடம் புடைத்திருந்தால். புடைத்த டயர் ஓடும்போதே வெடிக்கும். முன்சக்கரமாக இருந்தால் விழுவது நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆகவே நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

## பிரேக் பிடிக்கவில்லை

### லீவர் நெகிழ்வாக உள்ளே போகிறது

1. கேபிள் தொய்ந்திருக்கிறது. லீவரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் அட்ஜஸ்டரை வெளிப்புறமாக இரண்டு மூன்று சுற்று திருகுங்கள். லீவரை முழுக்க அழுத்தினாலும் ஹேண்டில்பாருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும்.
2. அட்ஜஸ்டர் முடிவுக்கு வந்துவிட்டதா? அதைத் திரும்ப உள்ளே திருகிவிட்டு, பிரேக்கில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்டைத் தளர்த்தி, கேபிளை இழுத்து இறுக்குங்கள்.
3. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் மறைந்திருந்தால் புதுசு வாங்குங்கள்.
4. லீவரின் உள்ளே, கேபிளின் குமிழ்முனை உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஒரே ஓர் இழை அறுந்து சிலிர்த்துக்கொண்டு நின்றாலும் கேபிளை மாற்றியாக வேண்டும். மீதி இழைகளும் அதே இடத்தில்தான் அறும். அறுவதும் நீங்கள் மிகக் கடுமையாக அழுத்துகிற அந்த ஒரு தருணத்தில்தான்.

### லீவர் கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது

எண்ணெய் பட்டிருக்கலாம். செயினுக்கு எண்ணெய் விடும்போது பின் ரிம்மில் தெறிப்பது மிகச் சாதாரணம். சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்து ரிம்மின் இரு பக்கமும் துடையுங்கள். கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பதிந்திருக்கும் உலோகத் துணுக்குகளையும் நெம்பி எடுங்கள்.

மழையில் மட்டும் இப்படி என்றால் ரிம்மைப் பாருங்கள். குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். எஃகு ரிம் வைத்திருப்பவர்கள் மழையில் சந்திப்பு வருவதற்கு வெகுமுன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைக்கவிட வேண்டும்.

டிஸ்க் பிரேக்காக இருந்தால் தட்டில் விரல் வைக்காதீர்கள், விரலின் எண்ணெய்ப்பசை போதும் பிடிமானத்தைக் கெடுக்க. பேடில் உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய பேடைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டியிருக்கும்.

### கீச்சென்று கத்துகிறது

முதலில் ரிம்மைத் துடையுங்கள். நிற்கவில்லையா? கட்டையின் போல்டைத் தளர்த்தி, அதன் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு தடித்த அட்டையைச் செருகி, லீவரை அழுத்திப் பிடித்தபடி போல்டை இறுக்குங்கள். கட்டையின் முன்முனை ஒரு மயிரிழை முன்னதாக ரிம்மைத் தொட்டால் சத்தம் அடங்கிவிடும். அதற்கும் அடங்கவில்லை, வண்டி மட்டும் சரியாக நிற்கிறது என்றால் அப்படியே ஓட்டலாம். சத்தம் போடும் பிரேக் ஆபத்தில்லை.

மெக்கானிக்கிடம் போக வேண்டியது: ஹைட்ராலிக் பிரேக்கின் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால், அல்லது எங்காவது திரவம் கசிந்தால். ரிம்மின் பக்கவாட்டில் கட்டை உராய்ந்து குழிந்திருந்தாலும் காட்டிவிடுங்கள். தேய்ந்த ரிம் காற்றழுத்தம் தாங்காமல் பிளக்கும்.

## செயின் கழன்று விழுகிறது, நழுவுகிறது

கியர் இல்லாத வண்டியில் செயின் கழல்கிறது: தொய்வுதான். நடுவில் விரலால் தூக்கி இறக்கிப் பாருங்கள். மேலும் கீழுமாக மொத்தம் ஒரு செ.மீ. சொச்சம் ஆடினால் சரி. அதிகம் என்றால் பின் ஆக்சிலின் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, ஃபிரேமின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது ஓரிடத்தில் செயின் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் வைத்துத்தான் அளவைப் பார்க்க வேண்டும்.

கியர் வண்டியில், கியர் தானாக மாறுகிறது: புதுக் கேபிள் கொஞ்ச நாளில் நீளும். கியர் கேபிளின் அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருகிப் பார்ப்பது, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று. அதற்குமேல் போக வேண்டியிருந்தால் காரணம் வேறு.

வண்டி வலப்பக்கமாக விழுந்த பிறகு கியர் தகராறு தொடங்கியதா? பின்னால் நின்று பாருங்கள். கியர் தொங்கும் கை சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால், பின்னால் உள்ள ஆகப் பெரிய பல்சக்கரத்துக்குக் கியரைப் போடவே போடாதீர்கள். அது ஸ்போக்குகளுக்குள் மாட்டி, சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். நேர்செய்ய அளவுக்கருவி வேண்டும், மெக்கானிக் வேலை.

அழுத்தி மிதித்தால் நழுவுகிறது: சிக்னலில் பச்சை விழுந்ததும் எழுந்து மிதிக்கும்போது கால் திடீரென்று உள்ளே போகும். பின்னால் வண்டிகள் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். செயினை அளந்து பாருங்கள். ஒரு பின்னின் மையத்திலிருந்து எண்ணி 24 கண்ணி தாண்டினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 அங்குலம் கூடியிருந்தால் செயினோடு பின் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது, முன்னைவிட அதிகமாக நழுவும். செயினைக் காலத்தில் மாற்றினால் பல் பல செயின்களுக்கு உழைக்கும். சைக்கிளில் காசு மிச்சமாகிற இடம் இதைவிட வேறில்லை.

கரகரவென்று சத்தம்: துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கை எடுங்கள். கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், உருளையின்மேல். பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். துருவை இளக்கும் மெல்லிய ஸ்ப்ரே சுத்தம் செய்ய உதவும், எண்ணெய்க்கு மாற்றாகாது.

## மிதிக்கும்போது 'டக் டக்' சத்தம்

சத்தம் எங்கிருந்து என்று காது ஏமாறும். ஃபிரேம் குழாய்கள் சத்தத்தைக் கடத்துவதால் சீட்டிலிருந்து வருவது பெடலிலிருந்து வருவது போலக் கேட்கும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஓட்டியபடி பிரித்துப் பாருங்கள்:

- மிதிப்பதை நிறுத்தியும் சத்தம் தொடர்கிறதா? சக்கரம்.
- சீட்டிலிருந்து எழுந்ததும் நின்றுவிடுகிறதா? சீட் அல்லது சீட் தண்டு. தண்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவிப் போடுங்கள். திரும்பப் போடும்போது தண்டில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வருகிறதா? பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அல்லது நடு அச்சு (இரண்டு கிராங்க்குகளையும் இணைக்கும் தண்டு).

கடைசி வகைக்கு முதலில் பெடல்களை இறுக்குங்கள். இடப் பெடலின் மரை தலைகீழ், எதிர்க்கடிகாரத் திசையில் திருகினால்தான் இறுகும். அப்புறம் இரண்டு கிராங்க்குகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க்கின் போல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு அச்சின் பால்ரஸ், அதாவது உள்ளே உருளும் எஃகுக் குண்டுகள்.

கிராங்க் தளர்ந்திருப்பது தெரிந்தால் அதன்மேல் இன்னொரு கிலோமீட்டர்கூட மிதிக்காதீர்கள். கழற்றிப் பார்த்தால் காரணம் விளங்கும். நடு அச்சின் நுனி சதுர எஃகு, அதன்மேல் உட்காருவது மிருதுவான அலுமினியத்தில் செய்த சதுர ஓட்டை. தளர்வாக மிதிக்க மிதிக்க எஃகின் மூலைகள் அலுமினியத்தைக் குடைந்துவிடும். ஓட்டையின் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிட்டால் போல்டை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு நாளில் மறுபடி ஆடும். ஒரு நிமிடம் ஸ்பானர் வைத்து முடித்திருக்க வேண்டிய வேலை, கிராங்க்கையே மாற்றும் செலவாக வந்து நிற்கும்.

நடு அச்சைப் பிரிக்கத் தனிக் கருவி வேண்டும், அதைக் கடையில் கொடுத்துவிடுங்கள். ஆட்டம் மட்டும்தான், கரகரப்பு இல்லை என்றால் ஓரிரு வாரம் ஓட்டலாம்.

## சக்கரம் கோணலாகச் சுற்றுகிறது

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே உள்ள சந்தைப் பாருங்கள்.

சக்கரம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆக்சில் நட்டைத் தளர்த்தி நேராக உட்கார வைத்து இறுக்கினால் முடிந்தது. கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது கடகடவென்றால் அச்சின் கோன், அதாவது பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் நட்டு, தளர்ந்திருக்கிறது. ரிம் ஓரிடத்தில் மட்டும் நெளிந்தால் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். தொளதொளவென்று ஒன்றோ, அறுந்தது ஒன்றோ அகப்படும். பின்சக்கரத்தில் செயின் இருக்கும் பக்கத்து ஸ்போக்தான் அதிகம் அறும். இழுவை அந்தப் பக்கம் கூடுதல்.

தளர்ந்த ஸ்போக்கை அதற்கான சாவியால் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கலாம். அறுந்ததைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றி வைத்துவிட்டு, சுமையில்லாமல் மெதுவாக வீடுவரை வரலாம். ரிம் ஃபிரேமில் உரசினால் உருட்டிக்கொண்டு வாருங்கள்.

கோட்டம் எடுப்பது கைப்பழக்கம் வேண்டிய வேலை. நெளிவு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. ஒரே சக்கரத்தில் அடுத்தடுத்து ஸ்போக் அறுந்துகொண்டே இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றுவதில் பயனில்லை, மொத்தமாகப் புது ஸ்போக் கட்டச் சொல்லுங்கள்.

## ஹேண்டில் ஆடுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பப் பாருங்கள். தனியாகத் திரும்பினால் அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. நேர்வைத்து இறுக்குங்கள்.

அடுத்து முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஃபோர்க் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். தளர்வு என்றால் இறுக்கலாம். இறுக்கியபின் ஹேண்டில் நேர்திசையில் மாட்டி மாட்டித் திரும்பினால் பால்ரஸ் உட்காரும் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

எதிலாவது மோதிய பிறகு வண்டி ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கினால் ஃபோர்க் வளைந்திருக்கலாம். ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்ட் சுருக்கம் விழுந்திருந்தாலோ மயிரிழைக் கோடு ஓடினாலோ அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மெக்கானிக். வளைந்த ஃபோர்க்கைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், புதுசு போடச் சொல்லுங்கள்.

## லைட் எரிகிறது, ஆனாலும் யாருக்கும் தெரிவதில்லை

எரியவே இல்லை என்றால் வழக்கமானவைதான்: சார்ஜ், பேட்டரி முனையில் பச்சைப் படிவு, டைனமோ ஒயரின் இணைப்பு. முன்னும் பின்னும் சேர்ந்து அணைந்தால் மின்சாரம் கிளம்பும் இடத்தில் கோளாறு, ஒன்று மட்டும் என்றால் அந்த ஒயரில்.

எரிந்தும் தெரியாததுதான் அதிகம். வண்டியை வழக்கமான பையோடு நிறுத்திவிட்டு, முப்பது தப்படி பின்னால் போய்க் குனிந்து, கார் ஓட்டுநரின் கண்மட்டத்திலிருந்து பாருங்கள். கேரியரில் உள்ள பையோ, தொங்கும் சட்டையோ பின்லைட்டை மறைத்திருக்கும். இல்லையென்றால் லைட் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணாடியில் சேறு படிந்திருக்கும். முன்லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்தால் அவரால் உங்களைக் கணிக்க முடியாது. சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று, ஒளிவட்டத்தின் மையம் லைட்டின் உயரத்தைவிடக் கீழே விழும்படி சாய்த்துவிடுங்கள்.

1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே பிரேக், மணி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், முன்னும் பின்னும் விளக்கு ஆகியவற்றைச் சைக்கிளுக்குக் கட்டாயமாகச் சொல்கிறது. பிரதிபலிப்பானைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. சார்ஜ் தீர்ந்த ராத்திரியில் அது ஒன்றுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

## முழங்கால் வலி, கை மரத்துப்போதல்

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நீண்டு நேராக வேண்டும், அதுதான் தொடக்க அளவு. கை மரத்தால் சீட்டின் முன்மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், உடம்பின் எடை முழுக்கக் கைக்குப் போகும். சீட்டைச் சரிசெய்தும் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

## வண்டிகள் உரசிக்கொண்டு போகின்றன

இதையும் கோளாறுப் பட்டியலில்தான் சேர்க்கிறேன். தினமும் இதே தெருவில் இதே இடத்தில் பயமாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அதற்கும் எளிய காரணத்திலிருந்தே தொடங்கலாம்.

ஓரத்தை ஒட்டி ஓட்டுகிறீர்கள். சாலையின் விளிம்பிலேயே போனால், இருக்கிற சந்தில் நுழைந்துவிடலாம் என்று பின்னால் வருபவர் நினைக்கிறார். பள்ளம் வந்தால் ஒதுங்க உங்களுக்கும் இடமில்லை. விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது உள்ளே வாருங்கள்.

நிறுத்திய கார்களுக்கு இடையே நெளிந்து நெளிந்து போகிறீர்கள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வருபவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்தவர். நேர்கோட்டில் போங்கள். கார்களிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஓட்டினால், கதவு முழுசாகத் திறந்தாலும் உங்களைத் தொடாது. காருக்குள் தலை தெரிகிறதா, சக்கரம் திரும்பியிருக்கிறதா என்றும் கண் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திரும்பப்போவது யாருக்கும் தெரியவில்லை. முதலில் தோளுக்கு மேலே திரும்பிப் பாருங்கள், அப்புறம் கையைக் காட்டுங்கள், பிறகு நகருங்கள். தலையைத் திருப்பினால் வண்டியும் அந்தப் பக்கம் சாய்கிறதா? காலி இடத்தில் பழகினால் சரியாகிவிடும்.

லாரி, பஸ் பக்கத்தில் நிற்கிறீர்கள். உயிர் போகிற தவறு இதுதான். சிக்னலில் நிற்கும் நீண்ட வண்டிக்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள சந்து எவ்வளவு அகலமாக இருந்தாலும் நுழையாதீர்கள். திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, ஓரத்தை வெட்டிக்கொண்டு உள்ளே வரும், சந்து மூடிவிடும். அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னாலேயே நின்று, அது போன பிறகு போங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் அதே இடம் தொந்தரவு தருகிறதா? அடுத்த எளிய வழி பாதையை மாற்றுவது. இணையாக ஓடும் சின்னத் தெருவில் ஐந்து நிமிடம் கூடுதலாகலாம். அந்த ஐந்து நிமிடத்தை நான் தயங்காமல் கொடுப்பேன்.

கோளாறு உங்களிடம் இல்லை, சாலையில்தான் என்பதும் உண்டு. மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பிகள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும். தண்டவாளம் சாலையைக் குறுக்காகச் சாய்வாக வெட்டினால் அதிலும் சக்கரம் மாட்டும். முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும், ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். முந்திச் செல்லும் வண்டி எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதைச் சில நாடுகள் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றன. ஜெர்மனியில் 2020 முதல் நகருக்குள் ஒன்றரை மீட்டர், பிரான்சில் நகருக்குள் ஒரு மீட்டர். ஆனால் அவ்வளவு இடம் விடுகிற அகலம் அந்தத் தெருவுக்கே இருக்க வேண்டும்.

இங்கே மெக்கானிக்கின் இடத்தில் இருப்பது சாலையைப் பராமரிக்கும் உள்ளாட்சி அலுவலகம். புகார் கொடுக்கும்போது 'சாலை மோசம்' என்று எழுதினால் எதுவும் நடக்காது. எந்த இடம், பக்கத்தில் உள்ள மின்கம்ப எண் என்ன, கம்பிச் சந்தின் அகலம் எத்தனை செ.மீ., எந்தத் திசையில் போகிறவர் விழுகிறார் என்று எழுதுங்கள். அளவுகோலோ, சைக்கிள் சக்கரமோ பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்றைச் சேருங்கள். அதே தெருவில் ஓட்டும் மற்றவர்களையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.